கடைசியாக வருகிறவள்

தவராஜாவுக்குத் தெரிந்த டேனிஷ் சொற்களில் பாதி லாகரில் பொறுக்கியவை. லாகர் என்றால் பண்டகசாலை. டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் உடுப்பு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பனியின் லாகரில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிற மனிதர் அவர். பெட்டியில் ஒட்டியிருக்கும் எந்தச் சொல்லையும் எட்ட நின்றே வாசித்துவிடுவார். அதனால்தான் 2009 செப்டெம்பரின் கடைசித் திங்கட்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில், கன்டீன் கணினியில் சைக்கிள் கிளப்பின் பட்டியலைத் திறந்து மனைவியின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கண்டதும் அவருக்குப் பாண் தொண்டையில் இறங்கவில்லை.

"உன்னை உட்கோட் எண்டு போட்டிருக்கிறாங்கள்!" என்று போனில் கத்தினார்.

மேரிகிறேஸ் அப்போது வீட்டில் இருந்தாள். வலது கை கழுத்தில் கட்டித் தொங்கியது. இடது கையால் ஒரு வெங்காயத்தோடு கால் மணித்தியாலமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னெண்டு?"

"உட்கோட்! லாகரிலை சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவமே, அது. இனி வராத சாமான், பழைய டிசைன், ஒருத்தரும் கேளாயினம், மூலைக்குள்ளை தள்ளு எண்டு ஒட்டுறது. அதை என்ரை மனுசிக்கு ஒட்டியிருக்கிறாங்கள். பொறு, இண்டைக்குப் பின்னேரம் போய் ரெண்டிலை ஒண்டு பாக்கிறன்."

மனைவி சைக்கிள் ஓடுவதே பிடிக்காத மனிதர் இவர். நாற்பத்திரண்டு வயதில், இறுக்கமான காற்சட்டையோடு, சேற்றில் விழுந்து எழும்புவது குடும்பப் பெண்ணுக்கு அழகா என்று இரண்டு வருடமாகப் புறுபுறுத்துக்கொண்டு திரிகிறவர். ஆனால் வெளியாள் ஒருவன் அவள்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் பொறுக்க முடியுமா? வேலை முடிந்த கையோடு காரை ஹேர்னிங்கிலிருக்கும் கிளப்புக்கு விட்டார்.

ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தபோது காற்று இறங்கியிருந்தது. ரேஸ் பட்டியலில் உட்கோட் என்றால் பாதியில் விட்டவர் என்றுதான் பொருளாம். அங்கே நின்ற எல்லோரும் சிரித்தார்களாம். இங்கலிஸ்தான் தோளில் தட்டிக் கோப்பி கொடுத்து அனுப்பினாளாம். இங்கலிஸ், மேரிகிறேஸ் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தாதி. அவளை இந்தச் சேற்றுக்குள் இழுத்துவிட்டவளும் அவள்தான்.

"ஒண்டுமில்லையப்பா. பாதியிலை விட்டவை எண்டு மட்டும்தான் அர்த்தமாம்," என்றார் தவராஜா, நல்ல செய்தி கொண்டுவந்தவர்போல.

இப்போது மேரிகிறேஸுக்கு ஏறியது.

"நான் எப்ப விட்டனான்?"

குறோஸ் என்கிற இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர்களுக்கு நல்ல தெருவென்றால் ஆகாது போலிருக்கிறது. இலையுதிர்காலத்தில், மழையில் காடும் வயலும் ஊறிப்போன பிறகு, அதற்குள் நாடா கட்டி வளைத்து வளைத்து ஒரு பாதை போடுவார்கள். நாற்பது நிமிடம் அதற்குள் சைக்கிளில் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். ஓட முடியாத இடம் வேண்டுமென்றே வைத்திருப்பார்கள்: குறுக்கே பலகை, செங்குத்தான மேடு, படிக்கட்டு. அங்கே குதித்து இறங்கி, சைக்கிளை வலது தோளில் மாட்டிக்கொண்டு ஓடி ஏற வேண்டும். மேலே போனதும் மறுபடி பாய்ந்து ஏற வேண்டும். முதலாவது ஆள் கடைசிச் சுற்றை முடித்து வந்துவிட்டால் மற்றவர்கள் தாங்கள் ஓடிக்கொண்டிருக்கும் சுற்றோடு முடித்துக்கொள்ளலாம். அவர்களுக்குப் பட்டியலில் ஒரு சுற்றுப் பின்னால், இரண்டு சுற்றுப் பின்னால் என்று போடுவார்கள். மேரிகிறேஸுக்கு எப்போதும் அப்படித்தான் போடுவார்கள். அதைப் பற்றி அவளுக்கு வெட்கம் இருந்ததே இல்லை.

அந்தப் பருவத்துக்கு ஐந்து ரேஸ். இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை. இரண்டாவது ரேஸில், கடைசிச் சுற்றில், நனைந்த மர வேர் ஒன்றில் முன்சில்லு வழுக்கி வலது தோள் நிலத்தில் அடிபட விழுந்தாள். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கையைத் தூக்க முடியவில்லை. ஆனால் கால் இருந்தது. இடது கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மீதி இரண்டு கிலோமீற்றரையும் நடந்தாள். முடிவுக்கோட்டுக்கு வந்தபோது அங்கே ஒரு குருவி இல்லை. நேரம் குறிக்கும் ப்ரெபென் கூடாரத்துக்குள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நாடாவைச் சுற்றி மரத்தடியில் வைத்துவிட்டார்கள். கோடு மட்டும் புல்லில் வெள்ளையாகக் கிடந்தது. மேரிகிறேஸ் அந்தக் கோட்டை மிதித்துத் தாண்டினாள். பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

"நான் தாண்டினனான்," என்று செவ்வாய்க்கிழமை ப்ரெபெனுக்குப் போன் எடுத்துச் சொன்னாள்.

ப்ரெபென் நல்ல மனிதர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். மிகவும் மன்னிப்புக் கேட்டார். ஆனால் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டதாம். யாரும் காணாத ஒன்றை எழுத முடியாதாம். இவ்வளவு நேரம் கழித்து ஒருவர் வருவார் என்று அவர்கள் நினைக்கவில்லையாம்.

"நான் முடிக்காமல் விடேல்லை, ப்ரெபென். நீங்கள்தான் எண்ணாமல் விட்டனீங்கள்," என்று டேனிஷில் சொல்லிவிட்டு வைத்தாள். ரேஸுக்காக மட்டும் இவ்வளவு கோபமா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. ரேஸுக்காக மட்டும் இல்லை என்பது அன்று பின்னேரம் தெரிந்தது.

ஹேர்னிங்கில் மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தமிழில் பூசை நடக்கும். நவம்பர் மாதப் பூசை மரித்தவர்களுக்கானது. குடும்பங்கள் தங்கள் வீட்டு ஆத்துமாக்களின் பெயர்களை எழுதிக் கொடுக்க, பாதர் பீடத்தில் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பார். அந்தப் பெயர்களைச் சேர்த்துக் கணினியில் அடித்துக் கொடுக்கிற பொறுப்பு பதினைந்து வருடமாகத் தவராஜாவுடையது. வழக்கமாக ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. இந்த வருடம் ஒக்டோபர் பிறக்கும் முன்னமே நாலு பக்கம் வந்துவிட்டது. மே மாதத்தோடு போர் முடிந்தது என்று உலகம் சொன்னது. அது எப்படி முடிந்தது என்பது தவராஜாவின் சாப்பாட்டு மேசையில், அகர வரிசையில் கிடந்தது.

தேத்தண்ணியை வைக்கப் போன மேரிகிறேஸ் முதலாவது பக்கத்திலேயே கண்டுவிட்டாள். அன்ரனி மரியநாயகம், 1975 – 2009.

அவளுடைய தம்பி.

"ஆர் சொன்னது 2009 எண்டு?" குரல் எழும்பவே இல்லை. அதுதான் தவராஜாவுக்குப் பயமாக இருந்தது.

"உன்ரை அக்காதான் போன் எடுத்தவ. அஞ்சு மாசமாச்சு, இனியும் வைச்சுக்கொண்டிருக்கிறது அவன்ரை ஆத்துமத்துக்குக் கூடாது, அங்கை மட்டக்களப்பிலையும் பேர் குடுத்திட்டன், இஞ்சையும் போடுங்கோ எண்டு சொன்னவ. நான் என்ன செய்ய?"

அன்ரனி சுனாமிக்குப் பிறகு சாமான் லொறி ஓட்ட வன்னிக்குப் போனவன். போன இடத்தில் பாதை பூட்டுப்பட்டு அங்கேயே நின்றுவிட்டான். ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. மூத்தவள் விமலராணி முகாம் முகாமாக அலைந்தாள், ஆஸ்பத்திரிகளில் கேட்டாள், எல்லாப் பட்டியலையும் விரல் வைத்து வாசித்தாள். உயிரோடு இருப்பவர்கள் பட்டியலிலும் அவன் இல்லை, செத்தவர்கள் பட்டியலிலும் இல்லை. கடைசியாக அவனைக் கண்டது ஒரு குடும்பம். மே நடுப்பகுதியில், தண்ணீரைக் கடந்து வெளியே வருகிற கூட்டத்தில், நடக்க முடியாத ஒரு கிழவரைத் தூக்க அவன் திரும்பிப் போனானாம். "நீங்கள் முன்னாலை போங்கோ, நான் பின்னாலை வாறன்," என்றானாம். அவ்வளவுதான்.

"பின்னாலை வாறன் எண்டு சொன்னவனை நீங்கள் எப்பிடி உட்கோட் எண்டு எழுதுவியள்?" என்றாள் மேரிகிறேஸ். "கோட்டிலை ஆரும் நிண்டு பாத்தனீங்களோ? கோப்பி குடிக்கப் போட்டியள் எல்லாரும்."

"அதையும் இதையும் போட்டுக் குழப்பாதை, மேரி."

"அந்தப் பேரை எடுங்கோ."

"எடுக்கேலாது. உன்ரை அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

மேரிகிறேஸ் ஒற்றைக்காலில் நின்றாள். தவராஜாவும் இறங்கவில்லை. கடைசியில் அவள் வாயிலிருந்து வந்ததை அவளே எதிர்பார்த்திருக்கவில்லை.

"இன்னும் மூண்டு ரேஸ் இருக்கு. மூண்டையும் ஓடி முடிக்கிறன். என்ரை பேருக்குப் பக்கத்திலை அந்தச் சொல் திரும்ப வராது. அப்பிடி முடிச்சால் நீங்கள் அன்ரனியின்ரை பேரை எடுக்கவேணும். இது என்ரை நேர்த்தி."

தவராஜா சிரித்தே விட்டார். "நேர்த்தி எண்டால் மெழுகுதிரி கொளுத்து, மடு மாதா கோவிலுக்குப் போ, முட்டிக்காலிலை நட. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சேத்துக்குள்ளை ஓடுறது எந்த அந்தோனியாருக்கு வைக்கிற நேர்த்தி?"

"சரியோ, இல்லையோ?"

"சரி," என்றார். ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னபோது அவரும் பக்கத்தில் இருந்தவர். காறை எலும்பும் தோளும் சேருகிற இடத்தில் தசைநார் கிழிந்திருந்தது. இவள் இனிச் சைக்கிளைத் தொடவே மாட்டாள் என்ற துணிவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

ரேஸுக்கும் அன்ரனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரு சம்பந்தமும் இல்லை. மேரிகிறேஸுக்கும் அது தெரியும். அவள் பைத்தியம் இல்லை. ஆனால் மே மாதத்திலிருந்து அவள் செய்யக்கூடியது ஒன்றுமே இருக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அழலாம், அக்கா சொல்வதைக் கேட்கலாம். இப்போது முதல்தடவையாகச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அதை விடுவாளா?

இங்கலிஸ் முதலில் முகத்தைச் சுளித்தாள். "அந்தத் தோளால் நீ ஒரு சாக்குப் பஞ்சு தூக்கினாலும் நத்தார்ப் பண்டிகைக்கும் உன்னை நான் வோர்ட்டுக்குள் விடமாட்டேன்," என்றாள். மேரிகிறேஸ் அப்போது இல்லத்தில் மருந்து பிரிப்பது, உடுப்பு அடுக்குவது என்று பாரமில்லாத வேலைக்கு மாறியிருந்தாள். ஆட்களைத் தூக்கிவிடுகிற வேலை மற்றவர்கள் தலையில் விழுந்திருந்தது. அந்தக் குற்ற உணர்ச்சி வேறு அவளுக்கு. "அந்தத் தோளால் தூக்கமாட்டேன், சத்தியமாக," என்றாள். "எனக்கு இன்னொரு தோள் இருக்கிறது."

சொல்வது சுகம். குறோஸில் எல்லாம் வலது தோளுக்கென்றே அமைந்தவை. இறங்குவது இடப்பக்கம், தூக்குவது வலத்தோளில். அப்போதுதான் சங்கிலியும் பற்சில்லும் உடம்பில் படாமல் வெளிப்பக்கம் பார்த்திருக்கும். இடத்தோளில் மாட்டினால் பல்லெல்லாம் முதுகைக் கடிக்கும், சங்கிலிக் கிறீஸ் கழுத்திலும் காதிலும் பூசுப்படும். இறங்குகிற பக்கம், ஏறுகிற பக்கம், கால் வீசுகிற பக்கம் எல்லாவற்றையும் தலைகீழாகப் பழக வேண்டும்.

வேலை முடிந்து வந்து மாடிவீட்டுக் கார்த் தரிப்பிடத்தில் பழகினாள். இறங்கு, தூக்கு, எட்டு அடி ஓடு, வை, ஏறு. மறுபடி இறங்கு. இரண்டாம் மாடி பல்கனியில் ராசமலர் உடுப்புக் காயப்போடுகிற சாட்டில் நின்று பார்த்தாள். இரண்டு நாளில் இக்காஸ்டில் தமிழ் தெரிந்த எல்லோருக்கும் விசயம் தெரிந்துவிட்டது. "பாவம், தம்பியின்ரை துக்கத்திலை மனுசிக்குக் கொஞ்சம் தட்டிப்போச்சு," என்று பேச்சு. இன்னும் சிலர், சனம் இவ்வளவு செத்துக் கிடக்கிற வருடத்தில் விளையாட்டு ஒரு கேடா என்று தவராஜாவின் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள்.

"விளையாட்டு இல்லை, நேர்த்தி," என்று சொல்லிவிட்டு, ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒக்டோபர் பத்தாம் தேதி மூன்றாவது ரேஸ். தோளை இறுக்கி ஒட்டுத்துணி சுற்றிவிட்டாள் இங்கலிஸ். மேரிகிறேஸ் மற்றவர்களெல்லாம் போன பிறகு, ஒரு ஓரமாக, யாரோடும் இடிபடாமல் தொடங்கினாள். மேடு பள்ளத்தில் சைக்கிள் குதிக்கிற ஒவ்வொரு தரமும் வலி தோளிலிருந்து பல்லுக்கு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். பலகைகளில் இறங்கி இடத்தோளில் தூக்கியபோது வேடிக்கை பார்த்து நின்ற ஒரு கிழவன், "பிழையான பக்கம்!" என்று கத்தினான். "உனக்குத்தான் பிழை," என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு சுற்றுப் பின்னால், கடைசி ஆள். ஆனால் ப்ரெபென் கோட்டில் நின்றார். அவளைக் கண்டதும் பென்சிலைத் தூக்கிக் காட்டினார். ஒன்று முடிந்தது.

வீட்டுக்கு வந்தபோது இடது காதிலிருந்து முதுகுவரை கறுப்புக் கிறீஸ். சவர்க்காரம் போட்டுத் தேய்க்கக் கை எட்டவில்லை. தவராஜா பாத்திரம் கழுவுகிற திரவத்தைக் கொண்டுவந்து தேய்த்துவிட்டார். முதுகில் பற்சில்லு பதிந்த இடங்கள் வரிசையாகச் சிவந்திருந்தன.

"உனக்கு விசர்," என்றார்.

"ஓம்," என்றாள்.

இருபத்துநாலாம் தேதி ரேஸ் அதைவிட மோசம். விடியற்காலையிலிருந்து மழை. சேறு சில்லில் அப்பிச் சைக்கிள் இரண்டு மடங்கு பாரமாகிவிட்டது. நாலு தரம் விழுந்தாள். நாலு தரமும் இடப்பக்கம் விழுவதற்கு எங்கிருந்தோ ஒரு புத்தி வந்தது. மூன்று சுற்றுப் பின்னால், ஆனால் முடித்தாள். அன்றிரவு முழுக்கத் தோள் விண்விண்ணென்று குத்தியது. அடுத்த நாள் காலை சீப்பைத் தலைக்கு உயர்த்த முடியவில்லை. தவராஜா சீப்பை வாங்கி, சிக்கெடுத்து, ரப்பர் வளையம் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார். பெட்டி கட்டிப் பழகிய கை, மயிரோடு சேர்த்துத் தோலையும் இழுத்தது.

"மேரி, போதும். ரெண்டு ஓடிக் காட்டிப்போட்டாய். நான் பேரை எடுக்கிறன், நீ இதை விடு."

அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். ஆசை வந்தது. உண்மையாகவே வந்தது. படுத்துக்கொள்ளலாம், தோளுக்குச் சுடுதண்ணிப் பை வைக்கலாம்.

"என்ரை தோளுக்கு இரக்கப்பட்டு எடுக்கவேண்டாம்," என்றாள். "அவன் வருவான் எண்டு எடுக்கிறதெண்டால் எடுங்கோ."

தவராஜா சீப்பிலிருந்த மயிரை எடுத்து உருட்டினார். அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை இல்லை. பொய் சொல்லவும் தெரியவில்லை.

நவம்பர் ஏழாம் தேதி, சனிக்கிழமை, கடைசி ரேஸ். சில்க்போர்க்குக்கு வெளியே, ஏரிக்கரையோரக் காடு. அடுத்த நாள் ஹேர்னிங்கில் பூசை. பட்டியல் அச்சடிக்கத் தயாராக ஐந்து பக்கமாகக் கணினியில் இருந்தது. ரேஸ் முடிந்ததும் நேரே கோவிலுக்குப் பாதரைக் காணப் போவதாக ஏற்பாடு. ஆகவே தவராஜா பளபளக்கும் கறுப்புச் சப்பாத்தோடும் நீளக் கோட்டோடும் கார் ஓட்டி வந்தார். காரை விட்டு இறங்கமாட்டேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். இரண்டு வருடத்தில் அவர் ஒரு ரேஸுக்குக்கூட வந்ததில்லை.

பாதையின் நடுவில் ஒரு மண்மேடு. அதில் மரத்தடி பதித்த படிகள் நாற்பத்தேழு. முதலாவது சுற்றிலேயே எண்ணிவிட்டாள். எண்ணாமல் விட்டிருக்கலாம்.

மூன்றாவது சுற்றில் படிக்கு மேலே, இறக்கத்தில், முன்னே போன ஒருத்தி வழுக்க, அவளை விலக்கப் போய் மேரிகிறேஸ் வலப்பக்கமே விழுந்தாள். சத்தம் வரவில்லை, மூச்சுத்தான் நின்றது. எழும்பிப் பார்த்தால் பின்சில்லின் கியர் ஒரு வேரில் அடிபட்டு வளைந்து கம்பிகளுக்குள் மாட்டியிருந்தது. சில்லு சுற்ற மறுத்தது. ஓடவும் முடியாது, தள்ளவும் முடியாது. மாற்றுச் சைக்கிள் வைத்திருக்க அவள் என்ன பெரிய வீராங்கனையா? மீதி வழி முழுவதும் தூக்கிக்கொண்டு நடப்பது ஒன்றுதான் வழி.

"நில், போதும்!" என்று நாடாவுக்கு வெளியே இருந்து இங்கலிஸ் கத்தினாள். "இது வேலைக்கு ஆகாது!"

"மற்றத் தோளிலைதான் வைச்சிருக்கிறன்!" என்று டேனிஷில் கத்திவிட்டு நடந்தாள் மேரிகிறேஸ்.

அந்தச் சுற்று முடிந்து அவள் கோட்டைத் தாண்டியபோது முதலாவது ஆள் இன்னும் முடித்திருக்கவில்லை. ஆகவே இன்னும் ஒரு முழுச் சுற்று. அது விதி. பின்னால் மணி அடித்தது, யாருக்கோ கடைசிச் சுற்று. அவளுக்கும் அதுதான் கடைசி, ஆனால் மற்றவர்களுக்கு ஆறு நிமிடம், அவளுக்கு எவ்வளவோ. ஒவ்வொருத்தராக அவளைக் கடந்து போனார்கள். சிலர் "வா, வா" என்றார்கள். பிறகு கடந்து போக ஒருவரும் இல்லை. காட்டுக்குள் அவளும் மழைத்தண்ணி சொட்டுகிற சத்தமும் மட்டும். பற்சில்லு முதுகைக் கடித்தது. ஒரு படி, இன்னொரு படி. இருபதாவது படியில் சைக்கிளை இறக்கி வைத்து நின்றாள். அன்ரனி அந்தக் கிழவரை எந்தத் தோளில் தூக்கியிருப்பான் என்று ஒரு நினைவு வந்தது. அது வந்ததும் பொங்கி அழுகை வந்தது. அழுதுகொண்டே தூக்கினாள், அழுதுகொண்டே மீதி இருபத்தேழையும் ஏறினாள்.

மேட்டின் உச்சியில் நின்றபோது தூரத்தில் ஒலிபெருக்கி பேசுவது நின்றது. மின்பிறப்பாக்கியும் அடங்கியது.  சுற்றுகிறார்கள். நாடாவைச் சுற்றுகிறார்கள். இந்த முறையும் ஒரு குருவி இருக்காது. ஓட முயன்றாள், கால் சேற்றில் புதைந்தது.

கடைசி வளைவில் திரும்பியபோதுதான் குரல் கேட்டது.

"இக்க உட்கோட்! இக்க உட்கோட்! ஹூன் கொம்மர்!"

உட்கோட் இல்லை, அவள் வருகிறாள். லாகர் டேனிஷ். முடிவுக்கோட்டின் நடுவில், இரண்டு கம்பங்களுக்கு இடையில், கையை விரித்துக்கொண்டு தவராஜா நின்றார். கறுப்புச் சப்பாத்துக் கணுக்கால்வரை சேற்றுக்குள். போட்டிருந்த நீளக் கோட்டின் விளிம்பு நனைந்து தொங்கியது. அவருக்கு முன்னால் ஒரு பையன் பாதி சுற்றிய நாடாவோடு முழித்துக்கொண்டு நின்றான். ப்ரெபென் கையில் பலகையோடு ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். தவராஜா அவரைப் பேசவே விடவில்லை. வாயில் டேனிஷ் தீர்ந்துபோய்த் தமிழுக்கு மாறியிருந்தார்.

"என்ரை மனுசி இன்னும் வரேல்லை! நீங்கள் ஆர் அவ வரமாட்டா எண்டு சொல்ல? கண்டனீங்களோ? அவ பின்னாலை வாறா! பின்னாலை வாறா எண்டு சொல்லுறன், விளங்கேல்லையோ?"

சொன்ன வாய் அப்படியே நின்றது. மேரிகிறேஸ் முப்பது மீற்றர் தூரத்தில் வந்துகொண்டிருந்தாள், அவர் முகம் மாறியதைக் கண்டாள். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு அப்போதுதான் கேட்டது போலிருந்தது. விரித்த கை மெல்ல இறங்கியது. ஆனால் கோட்டை விட்டு விலகவில்லை. அவள் கிட்ட வந்த பிறகுதான் ஒரு அடி தள்ளி நின்றார்.

சைக்கிளைத் தோளில் வைத்தபடியே கோட்டை மிதித்துத் தாண்டினாள். ப்ரெபென் மணிக்கூட்டைப் பார்த்து எழுதினார். எழுதியதைத் திருப்பி அவளுக்குக் காட்டினார். மூன்று சுற்றுப் பின்னால். அந்தச் சொல் இல்லை.

"மன்னிக்க வேண்டும்," என்றார் ப்ரெபென். "செப்டெம்பரிலும் நான் நின்றிருக்க வேண்டும்."

"ஓம், நிண்டிருக்க வேணும்," என்று தமிழில் பதில் சொன்னார் தவராஜா.

காருக்குள் ஏறி இருவரும் சூட்டைப் போட்டுக்கொண்டார்கள். இருக்கையில் விரித்த குப்பைப்பையின்மேல் மேரிகிறேஸ் சேறும் கிறீஸுமாக இருந்தாள். தவராஜா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரை எடுக்கிறன்," என்றார்.

"பேச்சுப்படி எடுக்கத்தானே வேணும்."

"பேச்சுக்காக இல்லை," என்றார். 

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. விமலராணி. பூசைக்குப் பேர் கொடுத்தாயிற்றா என்று கேட்கத்தான். தவராஜா ஒலியைக் கூட்டி இருவருக்கும் நடுவில் பிடித்தார்.

"குடுக்கேல்லை அக்கா. நானும் குடுக்கமாட்டன், அவரும் குடுக்கமாட்டார்," என்றாள் மேரிகிறேஸ்.

 மறுமுனையில் விமலராணி மட்டக்களப்புப் பேச்சில், அழுகிற குரலில் சொன்னாள்: "நீ அங்க இருந்து கதைக்கிற கா. நான்தானே போய்ப் பாத்தன். வாற ஆக்களெல்லாம் வந்திட்டாங்க. முகாமுக்குள்ள தேடித் தேடிப் பாத்திட்டன். இனிப் பின்னால ஆருமில்ல. எல்லாரும் வீட்ட போயிட்டாங்க. நான் மட்டும் எத்தன நாளைக்குக் கா நிக்கிற? எனக்குக் களைச்சுப்போச்சு."

 மேரிகிறேஸுக்கு அக்காமேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆறு மாதமாகத் தனியாக நின்றவள் அவள்தான் என்பது இப்போதுதான் உறைத்தது. பதில் தேடி வாயைத் திறந்தாள். அதற்குள் தவராஜா குனிந்து போனுக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனார்.

"அக்கா, நீங்கள் போய்க் கொஞ்சம் இருங்கோ," என்றார். "இனி நான் நிக்கிறன்."